பெருவழியின் சராய்கள்

வங்காளத்துச் சோனார்காவிலிருந்து, இன்று பாகிஸ்தானிலுள்ள பஞ்சாபின் ரோத்தாஸ் கோட்டை வரை சென்ற பெருவழியைப் பற்றிப் பேசுவோர் ஷேர்ஷா சூரியின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. வழிப்போக்கருக்கு அறம் செய்தவர்களில் அவர் முதல்வர் அல்லர். சாலைகளில் கிணறுகள் தோண்டியதையும், மாந்தோப்புகள் வைத்ததையும், தங்குமிடங்கள் அமைத்ததையும் அசோகர் தம் 7ஆம் தூண் சாசனத்திலேயே பொறித்துள்ளார். எனினும் 1540 முதல் 1545 வரை ஐந்தே ஆண்டுகள் அரசாண்ட அந்த ஆப்கானிய மன்னரின் பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

சராய் என்பது பாரசீகச் சொல். இல்லம், மாளிகை என்று பொருள்படும். நம் வழக்கில் காற்சட்டையைக் குறிக்கும் சராய் வேறு, இது வேறு. நான்கு புறமும் உயர்ந்த மதில், ஒன்றோ இரண்டோ பெரிய வாயில்கள், மதிலின் உட்புறத்தை ஒட்டி வரிசையாகச் சிற்றறைகள், நடுவே திறந்த முற்றம், அதிலே கிணறும் பள்ளிவாசலும். இதுவே சராயின் பொது அமைப்பு.

ஷேர்ஷாவின் சராய்களைப் பற்றி அப்பாஸ் கான் சர்வானி எழுதி வைத்திருப்பது படிக்கப் படிக்க வியப்பூட்டுவது. இரண்டு கோஸ் தூரத்திற்கு ஒரு சராய், முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனி விடுதிப் பகுதிகள், வாயிலில் யாவர்க்கும் தண்ணீர்க் குடங்கள், இந்துப் பயணிகளுக்கு வெந்நீரும் உணவும் படுக்கையும் தர, அவர்கள் குதிரைக்குத் தானியம் வைக்கப் பிராமணர்கள், பள்ளிக்கு ஓர் இமாமும் மோதினாரும், காவலர்கள், அரசாங்கச் செய்தியை விரைந்து கொண்டு செல்ல இரண்டு குதிரைகள். இத்தனைக்கும் செலவு எங்கிருந்து? அருகிலேயே நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. நம்மைப் பொறுத்தவரை மதிலையும் வாயிலையும் விட இந்த நில ஏற்பாடே பெரிது. கட்டடம் எழுப்பிய மன்னர்கள் பலர். அடுத்த ஆண்டு அங்கே விளக்கேற்ற எண்ணெய் எங்கிருந்து வரும் என்று எண்ணியவர்கள் சிலரே.

மொத்தம் 1,700 சராய்கள் என்கிறார் அப்பாஸ் கான். இவ்வெண்ணை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மன்னர் காலிஞ்சர் முற்றுகையில் வெடிமருந்து விபத்தில் உயிர் நீத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், அக்பரின் ஆட்சிக் காலத்தில் எழுதியவர் அவர். தாமும் ஆப்கானியர், தம் மன்னரைப் போற்றும் பேனா அவருடையது. பெருவழியில் இன்று எஞ்சி நிற்கும் சராய்களிலும் பெரும்பாலானவை முகலாயர் காலத்தவை.

அவற்றுள் பஞ்சாபின் நூர்மஹல் சராய் பேரெழில் வாய்ந்தது. பேரரசி நூர்ஜஹானின் ஆணைப்படி ஹிஜ்ரி 1028இல் (1618-19) தொடங்கி, ஹிஜ்ரி 1030இல் (1620-21) முடிக்கப்பட்டது. செம்மணற்கல்லாலான அதன் மேற்கு வாயில் முழுதும் சிற்ப வேலைப்பாடு. லாஹூர் நோக்கிய வழியில் இன்னொன்று, அமானத்கான் சராய். தாஜ்மஹாலின் இறைமறை எழுத்துகளை வரைந்தளித்த அந்தக் கலைஞர், தம் இறுதி நாட்களில் எழுப்பியது அது. அதன் வாயிலையும் அவருடைய எழுத்தே அணி செய்தது. ஊரும் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

தில்லியின் சாந்தினி சவுக்கில் இளவரசி ஜஹானாரா கட்டுவித்த சராயைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், பாரிஸ் நகரில் இது போன்றவை இருபது இருந்தால் புதிதாக வருவோர் தங்க இடமின்றித் திகைக்க மாட்டார்களே என ஏங்கினார். ஆனால் செல்வம் மிக்க பெருவணிகர்க்கே அங்கே இடம். சாமானியர் தங்கும் சராய்களைப் பற்றி அவரே வேறு விதமாக எழுதுகிறார். நூற்றுக்கணக்கான மனிதர்கள் குதிரை, கோவேறு கழுதை, ஒட்டகங்களோடு கலந்து கிடப்பார்களாம். கோடையில் மூச்சு முட்டும். குளிர்காலத்திலோ அவ்விலங்குகளின் மூச்சுக் காற்றே மனிதர்களைச் சாகாமல் காக்கும்.

பாதுகாப்பு எப்படியிருந்தது என்பதை மனூச்சி சொல்கிறார். வெனிஸ் நகரத்தவரான இவர் பிற்காலத்தில் நம் சென்னையில் குடியேறி வாழ்ந்தவர். மாலையில் கதவுகள் அடைக்கப்படும். விடியற்காலையில் கதவைத் திறக்கும் முன், அவரவர் உடைமைகளைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு காவலன் மும்முறை உரக்கக் கூவுவான். எவருக்கேனும் ஒரு பொருள் காணவில்லையென்றால், அது கிடைக்கும் வரை கதவு திறவாது. அகப்பட்ட திருடன் சராயின் எதிரிலேயே தூக்கிலிடப்படுவான். 800 முதல் 1,000 பேர் வரை தங்கக்கூடிய இடத்தில், எவனோ ஒரு வழிப்போக்கனின் மூட்டைக்காக அத்தனை பேரும் காத்து நிற்பதென்றால் அது எளிய ஏற்பாடா?

சோறு யார் போட்டார்கள்? ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோவுடன் இருந்த பாதிரியார் டெரி, ஜஹாங்கீர் காலத்துச் சராய்களில் அறைக்கு வாடகை இல்லை, ஆனால் படுக்கையையும் சமையற்காரனையும் பயணியே கொண்டு வர வேண்டும் என்று எழுதினார். தூதர் பரிவாரத்தில் வந்தவருக்குச் சமையற்காரனுக்குக் குறைவில்லை. தனியே வரும் ஏழை முஸாபருக்கு உதவியவர்கள் சராயிலேயே குடியிருந்த பட்டியாராக்கள். அடுப்பு மூட்டி ரொட்டி சுடுவது, கட்டில் கொடுப்பது, குதிரைக்குத் தீனி வைப்பது அனைத்தும் இக்குடும்பங்களின் தொழில். இதிலே பெரும்பாடு பட்டவர்கள் பெண்கள். எந்நேரம் வந்தாலும் அந்நியனுக்கு உணவளித்து, அதற்கெனச் சில காசுகள் பெற்றுப் பிழைத்தவர்கள். உலகம் அவர்களுக்குத் தந்த பரிசு என்ன தெரியுமா? உருது வழக்கில் சண்டைக்காரியைப் ‘பட்டியாரி’ என ஏசினார்கள். கூச்சல் மிகுந்த இடத்திற்குப் ‘பட்டியார்கானா’ என்று பெயரிட்டார்கள். வாயிற்கல்லில் பேரரசியின் பெயர் இருக்கிறது. அடுப்படியில் புகை குடித்தவளின் பெயரோ வசைச்சொல்லாகிவிட்டது. வரலாறு எழுதுவோர் இதைக் கவனியாமல் போவது நமக்கு வருத்தமே.

முகலாய அரசு தளர்ந்தபின் சராய்களின் காவலும் தளர்ந்தது. தக்கர்கள் வழிப்பயணிகளோடு நட்புப் பாராட்டத் தொடங்கியதும் பல வேளைகளில் இவ்விடங்களிலேதான். ஆங்கிலேயர் தம் அதிகாரிகளுக்காகத் தபால் பங்களாக்களைக் கட்டினர். 1857க்குப் பின் ஜஹானாராவின் சராய் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் நகர மண்டபம் எழுந்தது. 1867இல் சராய்களைப் பதிவு செய்யவும் தூய்மையாக வைத்திருக்கவும் சட்டம் இயற்றினார்கள். அதற்குள் இரயில் வந்துவிட்டது. பல நாள் நடந்த தூரத்தை ஒரே இரவில் கடப்பவனுக்கு இரண்டு கோஸுக்கு ஒரு விடுதி எதற்கு?

பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன. தில்லியில் யூசுப் சராய், பேர் சராய், சராய் ரோஹில்லா என்று இன்றும் உண்டு. புகழ்பெற்ற முகல்சராய் இரயில் சந்திப்பின் பெயர் 2018இல் மாற்றப்பட்டது. பட்டியாராக்களோ பழைய தில்லியின் சந்துகளில் இருக்கிறார்கள். நிக்காஹ் விருந்துகளுக்குத் தேக்சா தேக்சாவாகக் கோர்மாவும் பிரியாணியும் சமைத்துக் கொடுப்பவர்களை அங்கே இன்றும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள்.