தகவலும் ஆளடையாளமும்

'ஆள்' என்பது நீதி வழக்கிற்குரிய சொல் எனத் தமது மெய்யியல் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பிற் குறிப்பிட்டார் ஜோன் லொக். நேற்றைய செயலை இன்று தனதென உணர்ந்து பொறுப்பேற்பவனே அதே ஆள். பிரக்ஞையின் தொடர்ச்சியே ஆளடையாளம் என்பது அவர் துணிபு. இருபதாம் நூற்றாண்டில் இவ்விடயத்திற் 'தகவல்' என்னும் எண்ணக்கரு புகுந்தது.

1948இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷனன் தகவலை அளக்கும் கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். பல செய்திகளுள் ஒன்று தெரிவாகும்போது நீங்கும் ஐயப்பாட்டின் அளவே அவர் கருதிய தகவல். செய்தியின் பொருளை அவர் வெளிப்படையாகவே விலக்கினார். 1950இல் நோபேட் வீனரோ, உடலின் சடப்பொருள் மாறிக்கொண்டிருக்க நிலைத்து நிற்கும் கோலமே மனிதன் என்றும், அக்கோலத்தைச் செய்தியாக அனுப்புதல் கொள்கையளவில் இயலுமென்றும் எழுதினார். 1958இல் பிரான்சிஸ் கிரிக் உயிரியலில் இச்சொல்லை ஆண்டபோது, நியூக்கிளிக்கமிலத்திலும் புரதத்திலும் கூறுகள் அமையும் வரிசையின் நிர்ணயத்தையே கருதினார். சொல் ஒன்று, பொருள் மூன்று.

1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெவ்றிஸ் கண்டறிந்த டி.என்.ஏ. அடையாள முறை ஒருவரைப் பலரிலிருந்து பிரித்துக் காட்டிற்று. ஆயினும் ஒருகரு இரட்டையரை அது வேறுபடுத்தவில்லை. மரபுத் தகவல் ஒத்திருப்பினும், ஒருவர் செய்த குற்றத்திற்கு மற்றவர் பொறுப்பாகார்.

ஆகவே, பலருள் இவர் எவர் என்னும் வினா வேறு. தம் செயலுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர் எவர் என்னும் வினா வேறு. முன்னதற்குத் தகவல் பெரும்பாலும் போதும். பின்னதற்கோ, ஷனன் விலக்கிவைத்த பொருளே வேண்டப்படுகின்றது. பதிவேடுகளும் கணினிகளும் மனிதரை இனங்காணும் இக்காலத்தில் இவ்வேறுபாட்டை மறத்தல் தகாது.