செப்பேட்டில் ஏறிய பாட்டும் ஏறாத மெட்டும்

1816-இல் சென்னையில் ஏ. டி. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூல் அச்சேறியது. தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று மொழியறிஞர் எல்லிஸ் வாதிட்ட புகழ்பெற்ற குறிப்பு இடம்பெற்றது இந்த நூலில்தான். அதே நூலின் முன்னுரையில் திருப்பதி மலையும் தலைகாட்டுகிறது. அங்கே கோயிலில் ஆயிரக்கணக்கான செப்புத் தகடுகளில் ஏதேதோ பொறித்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட கேம்பெல், பார்த்துவர ஆள் அனுப்பினார். அவர் தேடியது இலக்கணம். ஒரே ஒரு இலக்கண நூல் அகப்பட்டது; அதற்குப் படி எடுத்துக்கொண்டார். மிச்சமெல்லாம் சாமி பாட்டு என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அந்தச் சாமி பாட்டுகளை எழுதியவர்கள் தாள்ளப்பாக்கம் அன்னமாச்சார்யாவும் (1408–1503) அவருடைய வழிவந்தவர்களும். அன்னமய்யா 32,000 சங்கீர்த்தனங்கள் பாடினார் என்று பேரன் எழுதிய வரலாறு சொல்கிறது. அவற்றை ஓலையில் விட்டுவைக்க மகன் பெத்த திருமலாச்சார்யாவுக்கு மனம் வரவில்லை. ஓலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும், நூறிருநூறு ஆண்டுக்கொருமுறை மறுபடி எழுதியாக வேண்டும். செம்பு அப்படியல்ல. அதனால் பாட்டுகளைச் செப்புத் தகடுகளில் வெட்டி, திருமலைக் கோயிலுக்குள் உண்டியலுக்கு அருகே கல்லால் ஆன ஒரு சிறு அறையில் அடுக்கினார்கள். சங்கீர்த்தன பண்டாகாரம் என்பது அந்த அறையின் பெயர்.

பிறகு கோயில் நிர்வாகம் பல கைகள் மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1843-இல் அதை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. வட ஆற்காட்டிலிருந்து பிரித்து 1911-இல் திருப்பதி அடங்கிய சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. அறைக்குள் இருந்த தகடுகளை யாரும் நினைக்கவில்லை. 1922 வாக்கில்தான் அவை மீண்டும் வெளியே வந்தன. கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த சாது சுப்பிரமணிய சாஸ்திரியும், அவருக்குப் பின் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் அவற்றைப் படியெடுத்து அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1939-இல் தொடங்கிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் அந்த வேலைக்கு இடம் கொடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள். எழுத்து பெரும்பாலும் பழுதில்லாமல் இருந்தது.

ஆனால் பாட முடியவில்லை.

ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் இருக்கிறது. தாளம் இல்லை, சுரக் குறிப்பும் இல்லை. தகடு வெட்டிய காலத்தில் அது தேவைப்படவும் இல்லை. பாடத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், ராகப் பெயரைச் சொன்னால் மெட்டு அவர்கள் வாயில் வந்தது. அந்தக் குரு சீடப் பரம்பரை அறுந்தபோது மெட்டும் போயிற்று. மிஞ்சிய ராகப் பெயரையும் அப்படியே நம்ப முடியாது. இன்று நாம் கேட்கும் முகாரி கரஹரப்பிரியாவைச் சேர்ந்தது. 1550-இல் ராமாமாத்யர் எழுதிய 'ஸ்வரமேளகலாநிதி'யில் முகாரி என்பது இன்றைய கனகாங்கியை ஒத்த மேளம். பெயர் ஒன்று, ஒலி வேறு.

ஆகவே ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவும் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியும் கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத்தும் செய்தது புது மெட்டமைப்பு. 1978-இல் தேவஸ்தானம் அன்னமாச்சார்யா திட்டம் என்று தனிப் பிரிவையே தொடங்கியது. இன்று கச்சேரி மேடையில் கேட்கும் அன்னமய்யா கீர்த்தனை, பதினைந்தாம் நூற்றாண்டுச் சொல்லும் இருபதாம் நூற்றாண்டு மெட்டும் சேர்ந்த ஒன்று. அது குறையல்ல. எது பழையது, எது புதியது என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்து பிழைத்து, அதை ஒலிக்கச் செய்யும் அறிவு சாகும் இந்தச் சிக்கலை இப்போது எதிர்கொள்பவர்கள் கொஞ்சம் எதிர்பாராத ஆட்கள்: பழைய டிவி கேம் பெட்டிகளுக்குப் புது கேம் எழுதுபவர்கள்.

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் 1983-இல் வந்தது. 2003-இல் அதன் தயாரிப்பு நின்றது. அதற்குப் பிறகும் அந்தப் பெட்டிக்குக் கேம்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2010-இல் 'பேட்டில் கிட்' கேசட்டாகவே விற்பனைக்கு வந்தது. 2019-இல் ஜெர்மனியின் மார்ஃப்கேட் கேம்ஸ் வெளியிட்ட 'மைக்ரோ மேஜஸ்' நான்கு பேர் சேர்ந்து ஆடும் கேம். அதன் மொத்த அளவு 40 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பல பத்து மடங்கு பெரியது. அதே 2019-இல் வெளியான ஜிபி ஸ்டூடியோ என்ற மென்பொருளைக் கொண்டு, நிரல் எழுதத் தெரியாதவர்களும் கேம்பாய்க்குக் கேம் செய்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில், ஓய்வு நேரத்தில், ஓரிருவர் செய்யும் வேலை இது. கேசட் போட்டாலும் சிறிய எண்ணிக்கைதான். பெரிய நிறுவனத்தின் பழைய கேம் லட்சக்கணக்கான வீடுகளில் கிடக்கிறது, எங்காவது ஒன்று தப்பிப் பிழைக்கும். இவை அப்படியல்ல. செய்தவரின் வன்தட்டு பழுதானால் கதை முடிந்தது.

கேமைக் கோப்பாக எடுத்து வைத்துவிட்டால் போதாதா? இங்கேதான் திருமலைத் தகடுகளின் தலையில் இருந்த ராகப் பெயர் நினைவுக்கு வருகிறது. ஃபேமிகாம் கேம் கோப்பு பெரும்பாலும் ஐநெஸ் என்ற வடிவில் இருக்கும். 1996-இல் மராட் ஃபைசுலின் தன் எமுலேட்டருக்காக, அதாவது பழைய பெட்டியைப்போலவே கணினியை நடக்கவைக்கும் மென்பொருளுக்காக, வகுத்த வடிவம் அது. கோப்பின் தலையில் 16 பைட்டுகள். கேசட்டுக்குள் எந்த வகை சர்க்யூட் பலகை இருக்கிறது என்பதை அதில் உள்ள மேப்பர் எண் சொல்லும். அந்தப் பலகை எப்படி வேலை செய்யும் என்பது கோப்பில் இல்லை. எமுலேட்டர் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே எண்ணை வெவ்வேறு பலகைகளுக்குப் போட்ட குழப்பமும் நடந்தது. அதைத் தீர்க்கவே பின்னர் நெஸ் 2.0 என்ற விரிவான தலைப்பு வந்தது.

புது கேம்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. அவற்றில் பல, நிண்டெண்டோ ஒருபோதும் செய்யாத பலகைகளில் ஓடுகின்றன. மேப்பர் 30 என்ற பலகை இந்தப் புதுக் கேம்களுக்காகவே உருவானது. ஆட்டத்தின் நடுவிலேயே தன் சிப்பில் தானே எழுதி ஆட்டத்தைச் சேமிக்க அதனால் முடியும். பழைய எமுலேட்டருக்கு இந்த வித்தை தெரியாது. கோப்பு நன்றாக இருக்கும், ஆனால் சரியாக ஓடாது.

இன்னொரு விபரீதமும் உண்டு. 1997-இல் வந்த நெஸ்டிகல் எமுலேட்டர் வேகமானது, ஆனால் துல்லியம் குறைந்தது. அதில் மட்டுமே சோதித்து எழுதிய கேம்களும் மாற்றங்களும் உண்மையான பெட்டியில் ஓடாமல் போயின. சூப்பர் நிண்டெண்டோவில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இசட்ஸ்நெஸ் எமுலேட்டர் எதிரொலிக்கு வேண்டிய நினைவகத்தைத் தனியே வைத்திருந்தது; உண்மைப் பெட்டியில் அது பொது நினைவகத்தின் ஒரு பகுதி. இசட்ஸ்நெஸ்ஸை நம்பி ரசிகர்கள் செய்த மாரியோ கேம்கள் பல, உண்மைப் பெட்டியில் தம் இசையைத் தாமே அழித்துக்கொண்டு நின்றன. பின்னாளில், துல்லியத்தையே கொள்கையாகக் கொண்ட பிஎஸ்நெஸ் எமுலேட்டர், இசட்ஸ்நெஸ்ஸின் அந்தப் பிழையை அப்படியே செய்துகாட்டும் வசதியையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கேம்களைப் பொறுத்தவரை பிழையும் மூலத்தின் பகுதி.

நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். 1990-களில் நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் விற்ற டிவி கேம்கள். நகல் சிப்புகள் பலவற்றில் ஒலியின் இரண்டு அலை வடிவங்கள் இடம் மாறி இருந்தன. அதனால் அந்தப் பெட்டிகளில் கேட்ட இசைக்கும் ஜப்பானில் கேட்ட இசைக்கும் நயம் வேறு. நம் தொலைக்காட்சி முறையும் நொடிக்கு 50 படம் காட்டுவது, ஜப்பானுடையது 60. இன்று எஃப்சிஇயுஎக்ஸ் எமுலேட்டரில் அலை வடிவத்தை மாற்றிப்போடும் தேர்வும், 50 படப் பெட்டிகளின் நேரக் கணக்கைப் பின்பற்றும் தேர்வும் இருக்கின்றன. முகாரியைப் போலவே இங்கும், எந்தக் காலத்து எந்த ஊர் ஒலி என்று சொல்லாமல் மூலம் இதுதான் என்று கைகாட்ட முடியாது.

அக்கறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கண்டது. பெரிய நிறுவனங்களின் சரக்குக்கே இந்தக் கதி. இந்தியாவில் நிலைமை இன்னும் மெலிவு. 1984 திருத்தத்துக்குப் பின் கணினி நிரலும் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. ஆனால் அச்சான நூலுக்கு ஒரு படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேமுக்கு இடமில்லை. உரிமை உண்டு, சேமிப்பு இல்லை.

இத்தனைக்கும் திருப்பதி இருந்த பழைய சித்தூர் மாவட்டம் மின்னணுத் தொழிலுக்கு அந்நிய மண் அல்ல. சத்தியவேடு பக்கம் உள்ள ஸ்ரீசிட்டியில் 2015-இல் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷாவ்மி கைப்பேசிகள் உருவாகத் தொடங்கின. நாற்பது கிலோபைட் கேமையும் அதன் எமுலேட்டரையும் சிரமமில்லாமல் ஓட்டும் கருவிகள் அவை. 2022-இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் ஆலையும் இருக்கிறது, ஓலையும் செப்பேடும் காத்துப் பழகிய நிறுவனமும் இருக்கிறது.

பழைய பெட்டிக்குப் புது கேம் எழுதும் இளைஞர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கிளம்பினால், கேம் கோப்பை மட்டும் சேர்த்துவைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மூல நிரல், பலகையின் வரைபடம், எந்தப் பெட்டியில் எந்த எமுலேட்டரின் எந்தப் பதிப்பில் சோதித்தார்கள் என்ற குறிப்பு, ஆட்டம் உண்மைப் பெட்டியில் ஓடும்போது எடுத்த ஒலி ஒளிப் பதிவு, பிறர் படியெடுத்து வைக்க எழுத்தில் தரும் அனுமதி ஆகிய ஐந்தும் கேமோடு சேர்ந்தே போக வேண்டும். இவற்றை வாங்கி வைக்க நம் பல்கலைக்கழக நூலகங்கள் முன்வர வேண்டும். கேம் செய்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கினால் ஒரு மாலை நேர வேலை. விட்டுவிட்டால், பின்னால் வருபவர்கள் மெட்டைப் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும்.