ஓடிக்கிட்டிருந்த கார் ஏன் நின்னுச்சு? - ஒரு ரிலேயின் சரித்திரம்

பழைய ஜெர்மன் கார்களைப் பிடித்தவர்களுக்கெல்லாம் ஒரு புகார் மனப்பாடமா தெரியும். கார் நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். இருமல் இல்லை, திணறல் இல்லை, பொட்டுன்னு நின்னுடும். செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்தும், ஆனா ஸ்டார்ட் ஆகாது. ஓரமா தள்ளி நிறுத்தி ஒரு அரைமணி நேரம் கழிச்சு சாவியைத் திருகினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனா அங்கே சமர்த்துப் பிள்ளையா ஓடிக் காட்டும். பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலை மிதிச்சதும் வலி நின்னுபோற கதைதான்.

பிளக் மாத்துவாங்க, பெட்ரோல் பம்ப் மாத்துவாங்க, இன்ஜெக்டர் மாத்துவாங்க. மறுபடியும் நிக்கும். கடைசியில் "இது சரிவராது"ன்னு காரையே தள்ளிவிட்டுடுவாங்க. இன்ஜின் இன்னும் பல வருஷம் ஓடத் தயாரா இருந்திருக்கும். காயலான் கடைக்குப் போனதுக்குக் காரணம் பொட்டு அளவு ஈயத்தில் விழுந்த விரிசலா இருக்கும். அந்த விரிசல் எப்படி காருக்குள்ளே குடிவந்ததுங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பின்னாடி போகணும்.

1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் அம்மையார், வீட்டுக்காரர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம் என்று இதைச் சொல்வார்கள். வழியில் வந்த தகராறுகளையும் சரித்திரம் எழுதி வச்சிருக்கு. எரிபொருள் குழாயில் அடைப்பு. தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். தீப்பொறிக்குப் போகும் வயரில் உறை போய்விட்டது. காலுறையைப் பிடித்திருந்த பட்டியைக் கழற்றிச் சுற்றினார். வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

கவனிச்சீங்களா? கார் நிற்பதற்கு அடிப்படையான ரெண்டு காரணமும் அந்த முதல் பயணத்திலேயே வந்துவிட்டது. ஒண்ணு எண்ணெய் வரலை, இல்லேன்னா நெருப்பு வரலை. அதுக்கப்புறம் 80 வருஷம் உலகத்து மெக்கானிக்குகள் எல்லாரும் இந்த ரெண்டு கேள்வியை வச்சே பிழைப்பு நடத்தினாங்க.

நெருப்புப் பக்கத்தை ஒழுங்கு பண்ணினவர் ராபர்ட் போஷ். ஸ்டுட்கார்ட்டில் 1886-ல் பட்டறை போட்டவர். 1897-ல் அவருடைய மேக்னெட்டோ ஒரு டி தியோன்-பூத்தோன் மூணு சக்கர வண்டியில் பொருத்தப்பட்டது. 1902-ல் அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனால்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதோடு சேர்ந்த ஸ்பார்க் பிளக்கையும் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பக்கம் கார்புரேட்டர் இருந்தது. ரெண்டும் தனித்தனி மனுஷங்க மாதிரி. ஒருத்தர் படுத்தால் மற்றவர் வேலை செய்துகொண்டிருப்பார். அதனால் கண்டுபிடிக்கிறதும் சுலபம். பிளக்கைக் கழற்றி எர்த்தில் வைத்து செல்ஃப் அடி. பொறி வந்தால் பெட்ரோலைப் பார், வராவிட்டால் காயிலைப் பார். மூக்கும் காதும் போதும்.

இந்த ஏற்பாட்டைக் கலைச்சது ஜெர்மனி இல்லை, அமெரிக்காவின் புகை.

கார் புகைக்கு கலிஃபோர்னியா 1966 மாடல்களிலிருந்தும், அமெரிக்கா முழுக்க 1968 மாடல்களிலிருந்தும் கட்டுப்பாடு வந்தது. ஃபோக்ஸ்வாகனுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவது கஷ்டம். போஷ் நிறுவனம் மின்னணு இன்ஜெக்‌ஷனோடு வந்தது. யோசனை அவங்களோட சொந்தம்னு முழுசா சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி எலெக்ட்ரோஜெக்டர் என்ற பேரில் இதை ஏற்கெனவே செய்து, 1958-ல் கிரைஸ்லர் குழுமத்தின் கார்களில் கொடுத்துப் பார்த்தது. சுமார் 35 கார்தான் போனது. அந்தக் காலத்து மின்னணுப் பாகங்கள் சூட்டையும் ஈரத்தையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரையே மாட்டினார்கள். காப்புரிமை போஷ் கைக்கு வந்தது. டிரான்ஸிஸ்டர் தேறியதும், 1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் டி-ஜெட்ரானிக் என்று வெளிவந்தது. 'டி' என்பது அழுத்தத்துக்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து.

இங்கேதான் நம்ம கதாநாயகன் வர்றார்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் சுத்தினால்தான் ஓடும். இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். புதுசா வந்ததோ மின்சார பம்ப். டி-ஜெட்ரானிக்கில் சுமார் 2 பார் அழுத்தம். 1973-ல் வந்த கே-ஜெட்ரானிக்கில் 5 பார் வரைக்கும். இப்போ யோசிங்க: விபத்து நடக்குது, இன்ஜின் நின்னுபோச்சு, குழாய் உடைஞ்சிருக்கு, சாவி மட்டும் ஆன்லயே இருக்கு. பம்ப் பாட்டுக்கு சூடான இன்ஜின் மேலே பெட்ரோலைப் பீய்ச்சிக்கிட்டே இருந்தா?

அதனால் ஒரு காவல்காரன் தேவைப்பட்டான். இன்ஜின் உண்மையிலேயே சுத்துதான்னு பார்த்து, சுத்தினால் மட்டும் பம்புக்குக் கரன்ட் விடுகிற ஏற்பாடு. டி-ஜெட்ரானிக்கில் அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. 1974-ல் வந்த எல்-ஜெட்ரானிக்கில் உள்ளே போகிற காற்று தள்ளுகிற ஒரு மடலில் ஸ்விட்ச் வைத்தார்கள். பிறகு வந்த பல கார்களில் ரிலேயே இக்னீஷன் காயிலின் துடிப்பை எண்ணும். துடிப்பு நின்றால் பெட்ரோல் நிற்கும். சாவியை ஆன் பண்ணினதும் பல கார்களில் பின்பக்கம் ஓரிரு விநாடி 'ம்ம்ம்'னு சத்தம் வந்து அடங்கும் இல்லையா, அது இந்த ஏற்பாட்டோட குரல்தான்.

நல்ல யோசனை. உயிர் காக்கிற யோசனை. ஆனா இதுக்கு அப்புறம் இன்ஜின் ஓடணும்னா தீப்பெட்டி அளவு டப்பா ஒண்ணு சம்மதிக்கணும் என்று ஆகிப்போச்சு. எண்ணெய், நெருப்புக்கு நடுவிலே மூணாவதா ஒரு ஆள்: அனுமதி.

ரிலேயைப் பத்தி கொஞ்சம். சின்னக் கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற கதவு அது. உள்ளே ஒரு சின்ன பலகை, அதில் கனமான பித்தளைக் கால்கள், காலைப் பிடித்திருப்பது ஈயப் பற்று. பம்பின் கரன்ட் முழுக்க இது வழியாகத்தான் போகும். ஓடினால் சுடும், நின்றால் ஆறும். பித்தளை விரிகிற அளவும் பலகை விரிகிற அளவும் ஒண்ணு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது ஈயம். பத்து வருஷம், பதினைந்து வருஷம், ஆயிரக்கணக்கான தடவை. ஒருநாள் காலைச் சுற்றி முடி போல ஒரு வட்ட விரிசல். குளிர்ச்சியா இருக்கும்போது ரெண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலில் நின்ற காருக்குள் டேஷ்போர்டுக்கு அடியில் சூடேறும்போது பிரியும். அரைமணி நேரத்தில் ஆறி, மறுபடி ஒட்டும். அந்த 'தானா சரியாகிற' மர்மத்துக்குப் பெரும்பாலும் இதுதான் விளக்கம்.

போர்ஷே 944, 1980-களின் 911 கரேரா வச்சிருக்கிறவங்ககிட்ட பேசிப் பாருங்க. கார் கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் கரன்ட் விடுகிற ரெட்டை ரிலே ஒண்ணு அதுல இருக்கு. உபரியா இன்னொண்ணை டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைப்பது அவர்களிடையே எழுதப்படாத சட்டம். ஃபோக்ஸ்வாகன் டீசல்காரங்களுக்கு '109' என்று நம்பர் போட்ட ரிலே பரிச்சயம். பெட்ரோல் பம்ப் இல்லாத டீசல் கார்லகூட அதே வியாதி. ஏன்னா அங்கேயும் இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கரன்ட் ஒரு ரிலே வழியாத்தான்.

அடுத்த திருப்பம் 1979. பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் போஷின் மோட்ரானிக் வந்தது. இன்ஜெக்‌ஷனும் இக்னீஷனும் ஒரே பெட்டிக்குள். எனக்குக் கேட்டால், பழைய வைத்தியமுறை செத்துப்போனது அன்றைக்குத்தான். அதுவரை தனித்தனியா இருந்த எண்ணெயும் நெருப்பும் ஒரே ஆள் கைக்குப் போச்சு. அந்த ஆளுக்குக் கண் எது? இன்ஜினின் கிராங்க் சுத்துவதைப் பார்க்கிற சென்சார். பிசினில் உறைந்த நூலிழைக் கம்பிச் சுருள். இன்ஜின் சூட்டிலேயே வாழ்நாளைக் கழிக்கும். வயசானால் சூட்டில் கம்பி விட்டுப்போகும், ஆறினால் சேரும். கண் போனால் பெட்டி "இன்ஜின் நின்னுடுச்சு"ன்னு முடிவு பண்ணி எண்ணெய், நெருப்பு ரெண்டையும் ஒரே நொடியில் நிறுத்திடும்.

பழைய மெக்கானிக் வந்து பிளக்கைப் பார்ப்பார், பொறி இல்லை. "காயில் போச்சு" என்பார். பெட்ரோலைப் பார்ப்பார், அதுவும் இல்லை. "பம்பும் போச்சு." ஒரே நாளில் ரெண்டும் எப்படி போகும்னு கேட்கணும் இல்லையா? ரெண்டும் ஒண்ணா செத்தா, ரெண்டுமே சாகலைன்னு அர்த்தம். ரெண்டுக்கும் மேலே இருக்கிற ரிலேயையோ சென்சாரையோ பார்க்கணும். இந்த ஒரு தர்க்கம் புரியாததால் வீணாகப் போன காயில்களை அடுக்கினால் ஸ்டுட்கார்ட் வரைக்கும் பாலம் கட்டலாம் :-)

மெர்சிடிஸ் டபிள்யூ124-ல் (1984-ல் வந்தது, 1995-ல் புனேயில் டெல்கோவோட வளாகத்தில் நம்ம நாட்டிலும் அசெம்பிள் பண்ணினார்களே, அந்த இ-கிளாஸ்) வேடிக்கையான ஒரு அடையாளம் உண்டு. அதன் கே.ஈ.-ஜெட்ரானிக் மாடல்களில் கார் நிற்க ஆரம்பிக்கும்போது ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரியும். பிரேக்குக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் என்ன சம்பந்தம்? பேட்டரிக்குப் பின்னாலே, தலையில் ஃபியூஸ் சுமந்த ஒரு ரிலே இருக்கு. மின்னழுத்தம் எகிறினால் கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றுவதற்காக வச்சது. ரெண்டுக்கும் கரன்ட் அது வழியா. அதன் ஈயம் விட்டால் ரெண்டும் அவுட். காப்பாற்ற வந்தவனே காலை வாருகிறான், பாருங்க.

அதே மெர்சிடிஸில் 1990-களின் முதல் பாதியில் வந்த சில இன்ஜின்களின் வயரிங்கில் மேலுறை சூட்டில் மொறுமொறுன்னு உதிர்ந்து, செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டது. இதுவும் இடைவிட்டு வரும் தொல்லைதான், ஆனா ரிலே மாத்தி தீராது. பெர்தா அம்மாவின் காலுறைப் பட்டி நூறு வருஷம் கழிச்சும் தேவைப்பட்டிருக்கு.

இதுக்கு நேர் எதிரா 1976-ல் வந்த டபிள்யூ123 டீசல். ஸ்டார்ட் ஆனதுக்கப்புறம் ஓடுவதற்கு அந்த இன்ஜினுக்குக் கரன்ட்டே வேண்டாம். சாவியைத் திருப்பினால் வெற்றிட அழுத்தத்தால்தான் நிற்கும். அந்தக் குழாயில் கசிவு வந்தால் சாவியைக் கையில் எடுத்த பிறகும் ஓடிக்கிட்டே இருக்கும்! பானெட்டைத் திறந்து, 'ஸ்டாப்' என்று எழுதின நெம்புகோலை அமுக்கி நிறுத்தணும். ஓடாத காரைவிட நிற்காத கார் மேல் என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள்.

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி? ஸ்கேனரை நம்பி உட்காராதீங்க. அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்துதான் எல்லாக் கார்களுக்கும் பொதுவான சோதனை இணைப்பு வந்தது, ஐரோப்பாவில் அதற்கும் பின்னால். அப்படியே இருந்தாலும், ரிலே விட்டுப்போனால் கம்ப்யூட்டருக்கே கரன்ட் இல்லை. மயங்கிக் கிடக்கிறவன் யார் அடிச்சான்னு எழுதி வைப்பானா? கார் நின்ன அந்த நிமிஷத்திலேயே பார்த்தாகணும்.

முதலில் பத்திரமா ஓரம் கட்டுங்க. இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கில் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் பலம் மிச்சம் இருக்கும். பிறகு சாவியை ஆன் பண்ணி பம்ப் சத்தம் வருதான்னு கேளுங்க. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்க, பல கார்களில் அது லேசா துடிக்கணும். செத்த மாதிரி கிடந்தால் சந்தேகம் கிராங்க் சென்சார் பக்கமோ, கம்ப்யூட்டருக்குப் போகும் கரன்ட் பக்கமோ. முள் துடிக்குது, பம்ப் மட்டும் ஊமைன்னா ரிலே. பம்பும் பேசுது, முள்ளும் துடிக்குது, கே-ஜெட்ரானிக் காரை கொஞ்ச நேரம் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் மக்கர் பண்ணுதுன்னா, அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற குடுவையோ பம்பின் வால்வோ தளர்ந்து, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகுது. அதுக்கு ரிலேயைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

ஜெர்மன்காரங்க பண்ணின ஒரு பேருபகாரத்தையும் சொல்லிடறேன். டி.ஐ.என். 72552 என்ற அவங்க தரநிர்ணயப்படி எல்லா முனைகளுக்கும் ஒரே எண்கள். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேரா வருவது, 15 சாவி வழியா வருவது, 31 எர்த், 50 செல்ஃப். ரிலேயில் 85, 86 சுருள், 87 வெளியே போவது. போர்ஷேயோ பீட்டிலோ, இதே எண்தான். டெஸ்ட் லேம்ப் ஒண்ணு இருந்தா 30-ல் எரியுது, 87-ல் எரியலைன்னு ஒரு நிமிஷத்தில் தெரிஞ்சிடும். வீட்டுல வச்சு பார்க்கணும்னா ரிலே மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் ஈயத்தைப் பாருங்க. முடி காயவைக்கும் கருவியால் ரிலேயைச் சூடாக்கி, கார் நிற்குதான்னும் சோதிக்கலாம். விரிசல் தெரிந்தால் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதுசா வைத்தால் பல ரிலேக்கள் பிழைச்சுக்கும். ஆனா புதுசே மலிவுதான், வாங்கிடுங்க.

நடுவழியில் பம்ப் பக்கம் மட்டும் செத்திருந்தால், ரிலே சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் ஃபியூஸ் வைத்த ஒரு கம்பியால் இணைத்து ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அப்படி ஓட்டும்போது அந்தக் காவல்காரன் வேலையில் இல்லை, விபத்தானால் பம்ப் நிற்காது. வீடு வந்ததும் முதல் காரியமா அந்தக் கம்பியைக் கழட்டிடுங்க.