நெட்டூர் பெட்டி

நெட்டூர் பெட்டி என்பது கேரளத்தின் மலபார் பகுதியில் செய்யப்பட்ட, பித்தளை வேலைப்பாடு கொண்ட மரத்தாலான நகைப்பேழை ஆகும். கண்ணூர் மாவட்டத்தில் தலச்சேரிக்கு அருகிலுள்ள நெட்டூர் என்னும் ஊரின் பெயரால் இது அழைக்கப்படுகின்றது. அரச குடும்பத்தினரும் வசதி படைத்த தறவாட்டுக் குடும்பத்தினரும் நகைகளைப் பாதுகாக்க இதனைப் பயன்படுத்தினர். இக்காலத்தில் நடனக் கலைஞர்கள் தமது அணிகலன்களை வைக்கவும் இது பயன்படுகின்றது.

அமைப்பு

பெட்டியின் உடல் செவ்வக வடிவானது. மூடி, கேரளக் கோயில்களின் கூரையைப் போல நான்கு புறமும் சரிந்து மேலே குறுகிச் செல்லும். உச்சியில் தூக்கிச் செல்வதற்கான கைப்பிடி இருக்கும். பெரும்பாலும் ஈட்டி மரம் (தோதகத்தி, நூக்கம் என்றும் அழைக்கப்படும்) பயன்படுத்தப்பட்டது. வண்ணமும் அரக்கும் பூசப்பட்ட பெட்டிகளும் உண்டு.

உலோக வேலைப்பாடு

மூலைத்தகடுகள், பட்டைகள், கீல்கள், கொண்டி, பூட்டுத்தகடு ஆகியன பித்தளையால் ஆனவை. இவை அழகுக்காக மட்டும் பொருத்தப்பட்டவை அல்ல. மரம் ஈரத்தில் விரிந்தும் வறட்சியில் சுருங்கியும் போவதால் பலகைகள் இணையும் மூலைகளே முதலில் விலகும். தகடுகள் அவ்விடங்களைச் சேர்த்துப் பிடிக்கின்றன. இரும்பு மழைக்காலத்தில் துருப்பிடிப்பதுடன், மரத்திலுள்ள தனின் என்னும் பொருளுடன் வினைபுரிந்து கருங்கறையை உண்டாக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை துருப்பிடிப்பதில்லை.

பிற நாட்டுப் பேழைகளுடன் ஒப்பீடு

எசுப்பானியாவில் 16 ஆம், 17 ஆம் நூற்றாண்டுகளில் வாதுமை (வால்நட்) மரத்தாலான பேழைகள் இரும்பு வேலைப்பாட்டுடன் செய்யப்பட்டன. 'பார்கேனோ' எனப்படும் எழுதுபேழையில், துளையிட்டுப் பொன்முலாம் பூசிய இரும்புத் தகடுகளின் கீழே சிவப்பு வெல்வெட்டுத் துணி வைக்கப்படுவதுண்டு. துளைகளின் வழியே தெரியும் துணியின் நிறம் வேலைப்பாட்டை எடுத்துக்காட்டும். நெட்டூர் பெட்டியில் கருஞ்சிவப்பு மரமே பித்தளைக்குப் பின்புலமாக அமைகின்றது.

மரத்தின் நிலை

ஈட்டி மரம் (டால்பெர்சியா லாட்டிபோலியா) மெதுவாக வளர்வது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998 இல் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக மதிப்பிட்டது. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் (சைட்டிசு) இரண்டாம் பட்டியலில் டால்பெர்சியா பேரினத்தின் மரங்களுக்கான வணிகக் கட்டுப்பாடு 2017 சனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. 2019 இல், ஒரு சரக்கில் மரத்தின் எடை 10 கிலோகிராம் வரை உள்ள முழுமையாகச் செய்துமுடித்த பொருட்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சிறிய பெட்டிகளைச் செய்யும் கைவினைஞர்களுக்கு இவ்விலக்கு முக்கியமானது.

சட்டமும் பராமரிப்பும்

தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972 இன்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருட்கள் தொல்பொருட்களாகக் கருதப்படும். நடுவண் அரசும் அதன் அனுமதி பெற்ற முகமைகளும் தவிர வேறு எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. அவற்றை விற்கும் தொழில் நடத்துவோர் உரிமம் பெற வேண்டும்.

பித்தளையைப் புளி கொண்டு அடிக்கடி தேய்த்தால் செதுக்கிய கோடுகள் மழுங்கும். தகட்டைச் சுற்றியுள்ள மரத்திலும் கறை படியும். பழைய தகடுகளையும் ஆணிகளையும் கழற்றிப் புதியன பொருத்தினால், பெட்டியின் காலத்தை அறிய உதவும் தடயங்கள் அழிந்துவிடும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைப்பதே போதுமானது.

இவற்றையும் பார்க்கவும்

- ஈட்டி மரம்
- பித்தளை
- பத்தாயம்