ஞாயிறும் நன்னீரும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் ஞாயிற்றைக் கொண்டே முன்னோர் பெயரிட்டனர். முருகன் கோயிலாற் புகழ்பெற்ற மண்டூர், படுவான்கரையைச் சேர்ந்தது. மாரி வெள்ளம் கிணறுகளிற் புகும்போது, குடிநீரிற் கலக்கும் கிருமிகளே இங்கு பெரும்பகை. 2011 ஜனவரியில் இம்மாவட்டத்தைப் பெருவெள்ளம் மூடியதை நேயர்கள் மறந்திரார்.

அப்பகையை வெல்லும் ஆற்றல் ஞாயிற்றுக்கு உண்டு. சூரிய ஒளி பற்றீரியாக்களை அழிப்பதை 1877 இல் டவுன்ஸ், பிளன்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் வெளியிட்டனர். ஆயினும் ஒளியின் வினை மெதுவானது. அதனை விரைவாக்கும் துணைப்பொருள் வெகுகாலத்தின் பின்னரே கிடைத்தது.

தைத்தேனியம் ஈரொட்சைட்டு புறவூதா ஒளியை ஏற்று நீரைப் பிரிக்கத் துணைபுரிவதை, 1972 இல் யப்பானிய அறிஞர் புஜிஷிமாவும் ஹொண்டாவும் அறிவித்தனர். 1985 இல் மட்சுனாகா குழுவினர், பிளாற்றினம் சேர்த்த அப்பொருளின் தூளைக்கொண்டு நீரிலுள்ள பற்றீரியாக்களைக் கொன்றனர். ஒளி பட்டதும் தூளின் மேற்பரப்பில் தோன்றும் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் கூறுகள் கிருமியைச் சிதைக்கின்றன. ஊக்கியாகிய தூளோ செலவாவதில்லை.

இதன் மூலப்பொருள் நமக்கு அந்நியமன்று. திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றும் உரூத்தைலும் செறிந்துள்ளன. உரூத்தைல் என்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டே. அம்மணல் பெரும்பாலும் கப்பலேறியே வந்துள்ளது.

எனினும் கலங்கிய நீருள் ஒளி ஊடுருவாது. உப்பையும் அது நீக்காது. ஆதலால், நீரை வடித்துக் கொதிக்கவைத்துப் பருகும் வழக்கத்தை நாம் கைவிடலாகாது. மணலும் ஞாயிறும் நம்மிடம் உள்ளன; அவற்றை இணைக்கும் அறிவை வளர்ப்பதே இனி நம் கடன்.