மூதாட்டியரின் கூந்தற் கோலம்

கூந்தலுக்குத் தமிழில் 'ஐம்பால்' என்றொரு பெயருண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்பது அதன் பொருள். உச்சியில் முடிப்பது முடி; பக்கத்தில் முடிப்பது கொண்டை; பின்னே செருகுவது சுருள்; சுருட்டி முடிப்பது குழல்; பின்னி விடுவது பனிச்சை எனப் பழைய உரைமரபு விளக்கும். நிகண்டு வழியில் இப்பட்டியல் சற்று வேறுபட்டு, அளகம், துஞ்சை என்பனவும் இடம்பெறும். பெயர்கள் எவ்வாறாயினும், தலைமுடியை ஐவகையாக ஒப்பனை செய்யும் கலை நம்மவரிடம் வளர்ந்திருந்தது என்பது தெளிவு.

இவ்வைந்தும் யாருக்குரியவை? இலக்கியத்துள் புகுந்து பார்ப்போர்க்கு விடை விரைவில் கிடைத்துவிடும். தலைவிக்குரியவை, விறலிக்குரியவை, மணமகளுக்குரியவை. அறுபது வயது கடந்த மூதாட்டி தன் தலையை எவ்வாறு முடித்தாள் என்று பாடியவரைக் காண்பது அரிது. அவளுக்குப் புலவர் கொடுத்தது பெரும்பாலும் நரை ஒன்றே.

ஆயினும் அந்நரையை அவர் இழிவாகக் கருதினாரில்லை. புறநானூற்றின் 277-ஆம் பாட்டில், களிற்றை வீழ்த்தித் தானும் மாண்ட மகனைப் பற்றிக் கேட்ட முதியவள் ஒருத்தியின் பெருமிதத்தைப் பூங்கண் உத்திரையார் பாடுகிறார். அவளுடைய வெண்மயிரைக் கொக்கின் இறகுக்கு ஒப்பிடும் அவர், அதனையும் 'கூந்தல்' என்றே சொல்கிறார். இச்சொல்லாட்சி கருதத்தக்கது. வெளுத்துவிட்டமையால் அது கூந்தல் என்னும் பெயரை இழந்துவிடவில்லை! ஆடவர் நரைக்கும் அந்நூலில் இடமுண்டு. ஆண்டு பலவாகியும் நரையின்றி இருப்பது எவ்வாறு என்று வினவியோர்க்குப் பிசிராந்தையார் காரணங்களை அடுக்குவது 191-ஆம் பாட்டு. மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும் அக்காரணங்களுள் முதலில் நிற்பர். அம்மனைவியின் தலை நரைத்ததா என்று கேட்டவர்தாம் எவருமில்லை.

மூதாட்டியர் கோலம் இலக்கியத்தில் அருகிப்போனதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முற்காலத்தில் முதுமை எய்திய பெண்டிருள் கணவரை இழந்தவர் பலர். அவர்களுக்குக் கூந்தலே மறுக்கப்பட்டதுமுண்டு. தாயங்கண்ணியார் பாடிய 250-ஆம் புறப்பாட்டில், கணவனை இழந்தவள் கூந்தல் கொய்து வளை நீக்கி வாழும் நிலை காட்டப்பெறுகிறது. ஆவூர் மூலங்கிழாரின் 261-ஆம் பாட்டும் மழித்த தலையைக் கைம்மையின் அடையாளமாகக் கூறும். பூச்சூடும் இடம் கூந்தல்; அவ்விடத்தையே அகற்றிவிட்டால் பூவைப் பற்றிய பேச்சே எழாது என்பது போலும் அவ்வழக்கத்தின் உட்கருத்து. பிற்காலத்தில் இது தமிழகத்தில் பார்ப்பனக் குடும்பங்களிலேயே பெரிதும் நிலைத்தது. பிற சமூகங்கள் பலவற்றில் தலை மழித்தல் இல்லை. ஆனால் பூவும் மஞ்சளும் விலக்கப்பட்டன. வலி குறைவே தவிர, வழி ஒன்றுதான்.

இவ்வழக்கத்திற்கு எதிராக எழுந்தோருள் சகோதரி சுப்புலட்சுமியின் வரலாறு போற்றத்தக்கது. 1886-இல் பிறந்து இளமையிலேயே கைம்மையுற்ற அவருக்குத் தலை மழிக்கப் பெற்றோர் இசையவில்லை. ஊரார் தூற்றலைப் பொறுத்து அவரைப் படிக்க வைத்தனர். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றார். பின் தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்கு இல்லமும் கல்வியும் அமைத்துத் தந்தார். கைம்பெண்ணின் தலையில் முடி இருக்கலாம் என்பதே அந்நாளில் ஒரு புரட்சியாக இருந்தது.

1929-இல் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிற்று. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் வந்தார். பெண்கள் ஆடவரைப்போல் முடியைக் குறைத்துக் கொள்ளலாம் என்பது அவர் வற்புறுத்திய கருத்துகளுள் ஒன்று. ஒரு சாரார் கைம்பெண்ணின் முடியைக் களையாதீர் என்றனர். மற்றொரு சாரார் எல்லாப் பெண்களும் முடியைக் குறைக்கட்டும் என்றனர். இவை முரண்பட்டவை போலத் தோன்றும். கத்தி யார் விருப்பத்தால் தலைமேல் படுகிறது என்பதே இரண்டிலும் கேள்வி.

மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழி வந்த தமிழருள் பெரும்பாலோர் தலை மழிக்கும் வழக்கமில்லாத சமூகத்தினர். ஆகையால் அக்கொடுமை இங்கு வேரூன்றவில்லை. பால்மரம் வெட்டப் புறப்படும் பெண், வயது எதுவாயினும், தேங்காயெண்ணெய் தடவி வாரி, பின்கழுத்தில் கொண்டை போட்டு, மேலே ஒரு துணியையும் கட்டிக்கொள்வாள். இருளில் எழுந்து வேலைக்கு ஓடுகிறவளுக்கு அள்ளி முடிந்த கொண்டையைவிட எளிதானது எது? அக்கம்பக்கத்திலும் இதே காட்சிதான். மலாய் மூதாட்டியர் 'சாங்குல்' முடித்தனர். பாபா சீனரின் நோன்யா மூதாட்டியர் உச்சிக்கொண்டையில் ஊசிகள் செருகினர். மணமே வேண்டாமெனச் சூளுரைத்துத் தலை வாரி முடித்த கன்டோனிய வேலைக்காரப் பெண்களும் கொண்டையுடனேயே முதுமை அடைந்தனர்.

இனி, எக்கோலம் முதியவர்க்குப் பொருந்தும் என்னும் வினா. வயது ஏற ஏற மயிர் மெலியும், வகிடு அகலும். அந்நிலையில் முடியை இழுத்து இறுகக் கட்டுவது முகத்தைக் கடுமையாக்குவதோடு, நெற்றியோரத்து மயிரையும் நாளடைவில் உதிர்த்துவிடும். பின்கழுத்தில் தாழ்வாகவும் தளர்வாகவும் முடித்த கொண்டை இதற்கு நல்ல மாற்று. பருமன் போதாதோர் சவுரி வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் அறிந்த உத்தியே. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் எடுத்த வகிட்டைச் சிறிது நகர்த்தினாலும் அடர்த்தி தோன்றும். நீண்ட மெல்லிய முடி தன் எடையாலேயே உச்சியில் படிந்துவிடுமாதலின், குறைத்து வெட்டிக்கொள்வோரின் தலை நிறைந்து காண்பதுண்டு.

சாயத்தைப் பற்றியும் ஒரு சொல். மருதோன்றியும் அவுரியும் நெடுங்காலமாகப் பயின்றவை. கடைச்சாயங்களிலுள்ள சில வேதிப்பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமல் தோல் வீங்குவதுண்டு. சிறிதளவு தோலில் தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். மேலும், சுருக்கம் விழுந்த முகத்துக்கு மேலே மைபோன்ற கருமை ஒட்டவைத்தது போலவே நிற்கும். 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நரைத்த தலையுடனேயே திரை முழுதும் நிறைந்து நின்றார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. நரை வேடமாகப் பூணப்பட்டது. பார்த்தவர் கை கூப்பினர்.