சிக்வினில் சிஸ்டம் கால் எங்கே?

யுனிக்ஸ் பழகினவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் கால் என்ன செய்யும்னு தெரியலையா, மேனுவலின் இரண்டாம் பிரிவைத் திறந்துடுவாங்க. 1971 நவம்பரில் தாம்ப்சனும் ரிட்சியும் பெல் லேப்ஸில் தொகுத்த முதல் கையேட்டிலேயே முதல் பிரிவு கட்டளைகளுக்கு, இரண்டாம் பிரிவு சிஸ்டம் கால்களுக்கு. லினக்ஸும் அதே வரிசையை எடுத்துக்கொண்டது.

இதே வழக்கத்தோடு சிக்வினுக்கு வந்தால் என்ன ஆகும்?

குனு கருவிகளை விண்டோஸில் ஓட்டுவதற்காக 1995-ல் சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லெயின் தொடங்கிய திட்டம் சிக்வின். இதில் யுனிக்ஸ் கர்னல் கிடையாது. ஓபன், ரீட், ஃபோர்க் எல்லாமே ஒரு டிஎல்எல் கோப்புக்குள் இருக்கும் சாதாரண ஃபங்ஷன்கள். அடியில் இருப்பது விண்டோஸ் கர்னல். அதற்கும் சிஸ்டம் கால் எண்கள் உண்டு. ஆனால் பதிப்புக்குப் பதிப்பு மாறும். லினக்ஸ் அந்த எண்களை மாற்றாமல் காப்பாற்றுகிறது. விண்டோஸ் தரும் உத்தரவாதம் கர்னல் வாசலில் இல்லை, அதற்கு மேலே இருக்கும் டிஎல்எல்களில்.

சரி, இதனால் என்ன நஷ்டம்? ஃபோர்க்கை எடுத்துக்குங்க. லினக்ஸில் அது கர்னல் செய்யும் வேலை. சிக்வினோ புது ப்ராசஸ் ஒன்றை நிறுத்திய நிலையில் உருவாக்கி, தாயின் நினைவகத்தை அதில் நகலெடுக்கிறது. வேகம் குறைவு. டிஎல்எல்கள் அதே முகவரியில் அமராவிட்டால் ஃபோர்க்கே தோற்றுப்போகும். சிஎச்ரூட் இன்னும் மோசம். லினக்ஸிலேயே அது முழுப் பூட்டு இல்லை. சிக்வினில் வெறும் பாவனைதான், ஏன்னா விண்டோஸில் அப்படி ஒரு வசதியே இல்லை. லினக்ஸ் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு சர்வரை அதற்குள் அடைத்தவர், பூட்டாத கதவைப் பூட்டியதாக நினைத்துக்கொள்வார்.

அப்போ எங்கே தேடுறது? ஒரு ஃபங்ஷன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு 1988-ல் தொடங்கிய போசிக்ஸ் தரநிலை. சிக்வினில் அது உண்டா இல்லையா என்பதற்கு சிக்வினின் ஏபிஐ பட்டியல். கடைசியில் இருக்கும் செயலாக்கக் குறிப்புகளைத் தவறவிடாதீங்க, விதிவிலக்கெல்லாம் அங்கேதான் இருக்கு. எப்படிச் செய்கிறது என்பதற்கு மூலநிரல்.

2016-ல் வந்த டபிள்யூஎஸ்எல் லினக்ஸ் கால்களை விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே மொழிபெயர்த்தது. 2019-ல் அறிவித்த இரண்டாம் பதிப்பு நிஜ லினக்ஸ் கர்னலையே உள்ளே வைத்தது. அங்கே பழைய இரண்டாம் பிரிவு மறுபடி செல்லுபடி. ஆக, கையேட்டைத் திறக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடியில் இருக்கும் கர்னல் யாருடையது?